பேப்பர் இருக்குதுங்களா?

திருப்பூரில் கடற்கரை இருக்கும் விஷயம் உங்களுக்குத் தெரியுமா?

எனக்கும் தெரியாது. போன வருஷம் அங்கே ஒரு பனியன் கம்பெனியின் சுற்றுச்சூழல் கொள்கையைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பன்னிரண்டு பக்கம். ஏழாவது பக்கத்தில், 'எமது ஆலையை ஒட்டிய கடற்கரையையும் அங்கு வாழும் ஆமைகளையும் பாதுகாக்க உறுதி பூண்டுள்ளோம்' என்று தெளிவாகப் போட்டிருந்தது. கீழே முதலாளியின் கையெழுத்து, கம்பெனி சீல்.

"எங்கடா பிடிச்சே இதை?" என்றேன் நண்பனிடம்.

"ஒரு கன்சல்டன்ட் குடுத்தாரு. கம்பெனி பேரை மட்டும் மாத்திக்கச் சொன்னாரு. மாத்திட்டோம்."

பேரை மாற்றியவர்கள் ஆமையை மாற்ற மறந்துவிட்டார்கள்.

நண்பன், பி.காம். படிக்கும்போது எனக்குப் பக்கத்து பெஞ்ச். ஆடிட்டிங் பேப்பரில் என்னைப் பார்த்து எழுதி என்னைவிட நாலு மார்க் அதிகம் வாங்கியவன். இப்போது ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மேனேஜர். நான் இப்படிப் பத்தி எழுதிப் பிழைக்கிறேன். அவரவர் வாங்கிய மார்க்.

"மாப்ள, நீ எழுதறவன். காமர்ஸ் வேற. நாலு டாகுமென்ட் எழுதிக் குடு. பஸ் காசும் பிரியாணியும் என் பொறுப்பு" என்று போன் செய்தான். கோவையிலிருந்து பஸ் ஏறிவிட்டேன். கதை எழுதுவதற்கும் டாகுமென்ட் எழுதுவதற்கும் வித்தியாசம் உண்டு என்பது அவனுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு எனக்கும் அவ்வளவாகத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். ஜெர்மனியிலிருந்து சட்டை வாங்குகிறவர், அடுத்த சீசன் ஆர்டர் வேண்டுமானால் ஈகோவாடிஸ் மதிப்பெண் 45 இருக்கவேண்டும் என்று மெயில் அனுப்பிவிட்டார். ஈகோவாடிஸ் என்பது 2007ல் ஆரம்பித்த பிரெஞ்சுக் கம்பெனி. சப்ளை செய்கிற கம்பெனிகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பி நூற்றுக்கு மார்க் போடுகிறார்கள். சுற்றுச்சூழல், தொழிலாளர் மற்றும் மனித உரிமை, நாணயம், யாரிடம் எப்படிக் கொள்முதல் செய்கிறாய் என்று நாலு பாடம். உலகம் முழுக்க எழுதுகிறவர்களில் மேலே உள்ள 35 சதவீதத்துக்குள் வந்தால் வெண்கலம், 15 என்றால் வெள்ளி, 5 என்றால் தங்கம், 1 என்றால் பிளாட்டினம். ஒரு தடவை வாங்கின மார்க் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும்.

இதில் வேடிக்கை, யாரும் நேரில் வரமாட்டார்கள். எங்கேயோ ஒரு ஆபீஸில் உட்கார்ந்து, நாம் அனுப்பும் காகிதங்களைப் படித்தே மார்க் போட்டுவிடுவார்கள். "ஆமாம், செய்கிறோம்" என்று டிக் அடித்தால் போதாது. செய்வதற்குச் சாட்சி எந்தக் காகிதத்தில், எத்தனையாம் பக்கத்தில் என்று காட்டவேண்டும்.

நண்பனுக்கு இது பூதமாகத் தெரிந்தது. எனக்கோ, காலேஜில் ஆடிட்டிங் வாத்தியார் கரும்பலகையில் எழுதிப் போட்ட வவுச்சர்தான் ஞாபகம் வந்தது. வவுச்சர் இல்லாத செலவு செலவே இல்லை. வவுச்சரில் யார் பெயர், என்ன தேதி, யார் கையெழுத்து, எதற்காக. நாலில் ஒன்று இல்லாவிட்டாலும் அது வெறும் காகிதம்.

"மூணு கட்டாப் பிரிடா. சொன்னது ஒரு கட்டு. செஞ்சது ஒரு கட்டு. கணக்கு ஒரு கட்டு" என்றேன். சொன்னது என்றால் கொள்கை. செய்தது என்றால் பயிற்சி, மெஷின் மாற்றியது, செக் லிஸ்ட். கணக்கு என்றால் வருஷத்துக்கு எத்தனை யூனிட் கரண்ட், எத்தனை கிலோ கழிவு, எத்தனை விபத்து.

அவன் கொண்டுவந்து கொட்டியதில் முதல் கட்டு மட்டும் மலையாக இருந்தது. 'உறுதி பூண்டுள்ளோம்' மட்டும் நாற்பது இடம். இரண்டாவது கட்டில் ஒரே ஒரு போட்டோ. தீயணைப்புப் பயிற்சியாம். உற்றுப் பார்த்தேன். தீயணைக்கும் சிலிண்டருக்குச் சந்தனப் பொட்டு, குங்குமம், சாமந்தி மாலை. பக்கத்தில் பூசணிக்காய்.

"இது ஆயுத பூஜைடா!"

"சிலிண்டர் இருக்குதல்ல?"

தேதியும் இல்லை, ஊரும் இல்லை, கம்பெனி பெயரும் இல்லை. ஜெர்மன்காரர் அதைத் தீமிதி என்றுகூட நினைக்கலாம். ஓரமாக வைத்தேன்.

மூன்றாவது கட்டு காலி.

"கணக்கெல்லாம் நாங்க வெச்சிக்கறதில்ல மாப்ள. நீயா பாத்துப் போட்டுக்கோ."

நானாகப் போடுவதற்கு முன்னால் ஸ்டோர் ரூமை ஒருதரம் பார்த்துவிடுவோம் என்று போனேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த சில நல்ல முடிவுகளில் அது ஒன்று. உள்ளே ஸ்டோர் கீப்பர் அண்ணன், மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னங்க தம்பி வேணும்?"

"பழைய பேப்பர் ஏதாவது இருக்குதுங்களா அண்ணா?"

"எடைக்குப் போடவா?"

விளக்கினேன். அவர் ஒன்றும் பேசாமல் பீரோவைத் திறந்தார். உள்ளே ஈ.பி. பில் மாதவாரியாக நூல் கட்டி இருந்தது. ஜெனரேட்டருக்கு ஊற்றின டீசல், லிட்டர் கணக்கில். அப்புறம் ஒரு நீள நோட்டு. 'கட்டிங் வேஸ்ட்' என்று மேலே எழுதி, பிள்ளையார் சுழி போட்டு, ஒவ்வொரு சனிக்கிழமையும் எத்தனை கிலோ வெட்டுத்துணி போனது, வாங்கினவர் யார், எத்தனை ரூபாய், அவர் கையெழுத்து. இப்படிப் பதினோரு வருஷம்!

அந்த வெட்டுத்துணி எங்கே போகிறது என்று கேட்டேன். கலர் கலராகப் பிரித்து, பஞ்சாக்கி, ஓ.இ. மில்லில் மறுபடி நூலாகிறது. அந்த நூல் போர்வையாகிறது, ஜமுக்காளமாகிறது. ஐரோப்பாவில் 'மறுசுழற்சி' என்று கோட் சூட் போட்டு மாநாடு நடத்துகிறார்களே, அதை இந்த மனிதர் பதினோரு வருஷமாகப் பனியனோடு நின்று எடை போட்டுக்கொண்டிருக்கிறார். மேனேஜருக்கு அப்படி ஒரு நோட்டு இருப்பதே தெரியாது.

ஈ.பி. பில்லில் இன்னொரு புதையல். ஒவ்வொரு மாதமும் ஒரு தொகை யூனிட் கழிக்கப்பட்டிருந்தது. "இது என்னங்க?" என்று முதலாளியிடமே கேட்டேன்.

"அது நம்ம காத்தாடிங்க. உடுமலைப் பக்கம் ஒண்ணு நிக்குது."

"காற்றாலையா? இதை ஏன் ஒரு பேப்பரிலும் போடலை?"

"அதெல்லாம் டாக்ஸுக்கு வாங்கினதுங்க. இதுல எதுக்கு?"

காமர்ஸ் படித்தவனுக்குப் புரிந்தது. ஒரு காலத்தில் காற்றாலை வாங்கினால் முதல் வருஷமே 80 சதவீதம் தேய்மானம் கழித்துக்கொள்ளலாம். முதலாளி வரியைப் பார்த்து வாங்கினார். காற்றுக்கு அது தெரியாது, அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி கணக்குப் போட்டோம். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு என்று மத்திய மின்சார ஆணையம் கணக்கு வெளியிடுகிறது. ஆயிரம் யூனிட்டுக்கு 700 கிலோ. டீசல் ஒரு லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ. பன்னிரண்டு மாதத்துக்குப் பெருக்கிக் கூட்டினால் ஒரு பக்கம். கீழே ஈ.பி. பில்களின் நகல். அவ்வளவுதான். நூறு 'உறுதி பூண்டுள்ளோம்' அதற்கு ஈடாகாது.

சாய விஷயம் மட்டும் கொஞ்சம் இழுத்தது. கம்பெனிக்குச் சொந்தச் சாயப்பட்டறை கிடையாது, வெளியே கொடுத்து வாங்குகிறார்கள். "அப்ப அது நம்ம தலைவலி இல்லையே" என்றான் நண்பன். திருப்பூர்க்காரன் பேசுகிற பேச்சா இது! சாயத்தண்ணீர் நொய்யலில் ஓடி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, விவசாயிகள் கோர்ட்டுக்குப் போய், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதே, ஊரே ஸ்தம்பித்ததே. கழிவுநீர் ஒரு சொட்டுக்கூட வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனை அதிலிருந்துதான் இறுகியது. கொள்முதல் பாடமே 'உனக்குச் சாயம் போடுகிறவன் யார்' என்பதுதான். இரண்டு பட்டறைகளின் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய கன்சென்ட் நகல் கேட்டோம். ஒன்று காலாவதி. போனில் பேசியதும் புதுசு வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. முதலிலேயே புதுப்பித்திருக்கிறார்கள், கேட்பாரில்லாததால் யாரும் அனுப்பவில்லை.

இதுவரை நான் ரொம்ப யோக்கியன். இனிமேல்தான் கதை.

பயிற்சிக் கட்டில் ஓட்டை. பெண் தொழிலாளர்களுக்கான பாலியல் தொல்லை தடுப்புப் பயிற்சி நடந்ததா என்று கேள்வி. நடக்கவில்லை. அப்லோடு செய்ய எட்டு நாள்தான் பாக்கி.

"அட்டெண்டன்ஸ் ஷீட் ஒண்ணு தயார் பண்ணிரு மாப்ள. போன ஜூன் தேதி போடு" என்றான்.

போட்டேன். மறைப்பானேன்? ஜூன் 14, மாலை 2.30 முதல் 4 வரை என்று அடித்தேன். 'புகார்க் குழு பற்றி விளக்கப்பட்டது' என்று ஒரு வரி. நிஜமாகத் தெரியட்டும் என்று 'தேநீரும் வடையும் வழங்கப்பட்டன' என்றும் சேர்த்தேன். எழுத்தாளன் அல்லவா!

எச்.ஆர். பெண் அதை லைன் லைனாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினாள். எல்லோரும் மெஷினை நிறுத்தாமல் போட்டுக்கொண்டே வந்தார்கள். செக்கிங் செக்‌ஷனில் ஐம்பது வயசு அக்கா ஒருத்தர் மட்டும் காகிதத்தைக் கையில் வாங்கி, மேலிருந்து கீழ்வரை படித்தார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"வடை போட்டாங்களா தம்பி?"

"..."

"பதினஞ்சு வருஷமா இங்க இருக்கறேன். மீட்டிங்குக்கு வடை போட்டு நான் பாத்ததே இல்லீங்களே."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"அதுவுமில்லாம ஜூன்ல நான் இங்க இல்லீங்க. மகளுக்குக் கொழந்த பொறந்து தாராபுரத்துல இருந்தேன். லீவு லெட்டர் உங்க ஆபீஸ்லயேதான் இருக்கும். வராததுக்கு எப்படிங்க கையெழுத்துப் போடறது?" காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தவர், குரலைத் தாழ்த்தி, "புகார்க் குழுன்னு போட்டிருக்குதே... யாருங்க அது? யாருகிட்டச் சொல்லோணும்?" என்றார்.

"ஏங்க அக்கா, ஏதாவது...?"

"எனக்கில்லீங்க. சின்னப் புள்ளைங்க இருக்குதுங்கல்ல" என்று குனிந்துகொண்டு சட்டையில் நூல் வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

நோட்டீஸ் போர்டில் போய்ப் பார்த்தேன். குழுவில் நாலு பெயர். இரண்டு பேர் வேலையை விட்டுப் போயாகிவிட்டது. வெளி உறுப்பினர் என்று போட்டிருந்த அம்மாவின் நம்பருக்கு அடித்தேன். உபயோகத்தில் இல்லை.

நண்பனிடம் காகிதத்தை நீட்டி, "இதை அனுப்ப வேண்டாம்" என்றேன்.

"நீ பஸ் ஏறிப் போயிருவே. ஆர்டர் போச்சுன்னா அந்த அக்காவுக்கும் சேத்துத்தான் வேலை போகும். தெரியுமா?"

அவன் சொன்னதும் பொய்யில்லை. அதனால்தான் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு பேருமாக முதலாளியிடம் போனோம். 2013 சட்டப்படி பத்துப் பேர் வேலை செய்தாலே குழு வேண்டும், தலைவர் பெண்ணாக இருக்கவேண்டும், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர் என்று ஒப்பித்தேன். அக்காவின் பெயரைச் சொல்லவில்லை. ஜூன் 14 லீவு ரிஜிஸ்டரை எவனாவது எடுத்துப் பார்த்தால் மொத்தக் கட்டும் சந்தி சிரிக்கும் என்று மட்டும் சொன்னேன்.

"நூத்தியிருபது பேரை ஒன்றரை மணி நேரம் நிறுத்தினா எத்தன பீஸ் போகும் தெரியுமுங்களா?" என்றார். அப்புறம் மேஜைமேல் கிடந்த வெட்டுத்துணி நோட்டைப் புரட்டினார். பெருமையாக இருந்திருக்க வேண்டும். "சரி, வியாழக்கிழமை வெச்சிருங்க. புதுசாக் குழுவையும் போட்டுருங்க" என்றவர், காகிதத்தைத் திருப்பித் தரும்போது, "வடையும் சொல்லிருங்க" என்றார்.

வியாழக்கிழமை வெளி உறுப்பினராக ஒரு வக்கீல் அம்மா வந்தார். தமிழில் பேசினார், நாடகம்போல நடித்துக் காட்டினார். முடிந்ததும் எல்லோரும் வடைக்குப் போக, ஐந்து பெண்கள் மட்டும் அவரோடு உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். அரை மணி நேரம். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அது அப்லோடு செய்கிற சமாசாரமும் இல்லை. அடுத்த வாரம் ஒரு சூபர்வைசரை லைனில் காணோம் என்று நண்பன் போனில் சொன்னான், அவ்வளவுதான்.

அக்கா வரிசையில் வந்து கண்ணாடி போட்டுக்கொண்டார். "தேதி இன்னிக்குத்தானுங்களே?" என்று பார்த்துவிட்டு, முழுப் பெயரையும் எழுதினார்.

ஆமையை எடுத்துவிட்டுக் கொள்கையை மூன்று பக்கமாகச் சுருக்கினோம். ஒவ்வொன்றிலும் பெயர், தேதி, கையெழுத்து. ஒன்றரை மாதம் கழித்து மார்க் வந்தது. 47. மெடல் கிடையாது. காற்றாலையையும் வெட்டுத்துணியையும் பலம் என்று எழுதியிருந்தார்கள். பயிற்சி விஷயத்தில், இன்னும் முன்னேற வேண்டும் என்று இருந்தது. நியாயம்தானே, ஒரே ஒரு வியாழக்கிழமை!

பிரியாணி பாக்கி. நண்பன் அதைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்கிறான். ஸ்டோர் கீப்பர் அண்ணன் மட்டும் போன் செய்தார். மதிப்பெண்ணைப் பற்றி விசாரிப்பார் என்று நினைத்தேன்.

"தம்பி, ஸ்கேன் பண்றேன்னு எடுத்துட்டுப் போனீங்கல்ல நோட்டு, அதைக் குடுத்தனுப்புங்க. நாளைக்குச் சனிக்கெழம. எடை போடோணும்."