சிறார் பயிலும் பின்னக் கணக்கு

எண்ணும் எழுத்தும் மக்கட்கு இரு கண்கள் என்று உரையாத தமிழாசிரியர் இலர். ஆயினும், தமிழ்ச் சிறப்பு வகுப்பில் அமர்ந்திருக்கும் நம்முட் பலர், அவ்விரண்டனுள் ஒன்றை மூடிக்கொண்டே கல்லூரி வாயிலைக் கடந்தோம் என்பதை மறைத்தற்கில்லை. ‘கணக்கு வரவில்லை, ஆகவே தமிழ் எடுத்தோம்’ என்று நகைத்துக்கொண்டே சொல்லுகிறோம். அது வாராதொழிந்தது எப்பொழுது என்று சிறிது எண்ணிப் பார்ப்பின், நம்முட் பலர்க்கு ஒன்பது, பத்து வயதளவில், பின்னம் என்னும் பாடம் தொடங்கிய நாளே நினைவுக்கு வரும். அதுவரை கூட்டியும் கழித்தும் களித்த பிள்ளை, கோட்டின் மேலொன்றும் கீழொன்றுமாக எண்கள் நின்ற அன்று திகைத்தது. தீர்ப்பாரின்மையின் அத்திகைப்பு அச்சமாயிற்று.

இவ்வாண்டு, நம் கல்லூரிக்கு அணித்தாயுள்ள குடியிருப்பொன்றில் மாலை வேளைகளிற் சிறுவர்க்குப் பாடஞ் சொல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 1/2 உடன் 1/3 ஐக் கூட்டி 2/5 என்று எழுதியிருந்தாள். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு. கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. நாம் பிழைக்குறி இட்டு, விதியை எழுதிக் கொடுத்தோம். மறுவாரமும் அதே பிழை. பின்னர் ஒரு தாளைப் பத்துக் கட்டமாக்கி, பாதிக்கு ஐந்து கட்டமும், ஐந்தில் இரண்டுக்கு நான்கு கட்டமும் எண்ணச் செய்தோம். அவள் சற்றே விழித்து, ‘பாதியோடு இன்னும் சேர்த்தோமே அக்கா, எப்படிக் குறைஞ்சு போச்சு?’ என்று கேட்டாள். அக்கேள்வி பிறந்த கணத்தே கணக்கும் பிறந்தது. வேறொரு தாளை ஆறாக மடித்தபோது, பாதி மூன்று மடிப்பும், மூன்றில் ஒன்று இரண்டு மடிப்பும் ஆதலின், விடை 5/6 என்று தானே கூறினாள். பிழை அவளுடையதன்று, பொருளைக் காட்டாது விதியைக் காட்டிய நம்முடையது.

இதனால் நாம் வற்புறுத்துவது யாதெனின், நான்காம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்புவரை பயிலும் பின்னமும் தசமமுமே பிற்காலக் கணிதம் அனைத்திற்கும் கால்கோள் என்பதும், அவற்றை மனப்பாட விதியாக ஊட்டுதல் தகாது என்பதுமாம். நான்கு மூன்றினும் பெரிது ஆதலின் 1/4 என்பது 1/3 இனும் பெரிது என்று எண்ணும் பிள்ளையும், 35 ஐந்தினும் பெரிது ஆதலின் 0.35 என்பது 0.5 இனும் பெரிது என்று எண்ணும் பிள்ளையும் மூடர் அல்லர். முழு எண்ணிற் கற்ற உண்மையைப் புதிய இடத்திலும் நம்பி நடக்கின்றனர். அந்நம்பிக்கை எவ்விடத்துப் பொருந்தாது என்று காட்டுவதே ஆசிரியன் கடமை.

ஈண்டுத் தமிழ் மாணாக்கராகிய நமக்கு ஒரு பங்கு உண்டு. பின்னத்தின் பொருளை நம் மொழியே தன் சொற்களிற் பொதிந்து வைத்திருக்கிறது. அரைக்கால் என்பது காலில் அரை. 1/2 ஐ 1/4 ஆற் பெருக்கினால் 1/8 என்பதை அச்சொல்லே கூறுகிறது. முக்கால் என்பது மூன்று கால். காலே அரைக்கால் என்பது இரண்டன் கூட்டல், அது 3/8. ஒன்றேகால் என்புழி ஏகாரம் பெற்றும், ஒன்றரை என்புழி அது பெறாதும் வழங்குகிறோம். அரை என்னும் சொல்லுக்கு அச்சாரியை இல்லை என்று தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் தனியே விதித்துள்ளார். 1/3 என்பதை மூன்றில் ஒன்று என்று பகுதியை முன்னும் தொகுதியைப் பின்னும் வைத்துச் சொல்லுவது தமிழ் நடை. ‘ஒன்றின் கீழ் மூன்று’ என்னும் பிள்ளை வடிவத்தைச் சொல்லுகிறது; ‘மூன்றில் ஒன்று’ என்னும் பிள்ளை பொருளைச் சொல்லுகிறது.

மாத்திரைக் கணக்கும் பின்னமே அன்றோ? குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. தமிழ் என்னும் சொல் 2 1/2 மாத்திரை. அம்மா என்பது 3 1/2. போன்ம் என்புழி ஈற்று மகரம் குறுகிக் கால் மாத்திரையாக, இரண்டும் அரையும் காலும் கூடி 2 3/4 ஆகும். இலக்கணத்தில் இதனைப் பிழையறச் செய்யும் நாமே, எமக்குக் கணக்கு வாராது என்பது நகைப்பிற்கிடமாம்.

பழைய திண்ணைப் பள்ளியையும் எண்சுவடியையும் மீட்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. முந்திரி என்னும் 1/320 வரை வாய்பாடாக ஒப்புவித்த அக்காலத்தும் பொருளுணராத மனப்பாடமும் பிரம்படியும் இருந்தன. அத்திண்ணையில் ஏற இடம்பெறாத பிள்ளைகளும் பலர். 1957 ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல், பதினாறு அணா கொண்ட ரூபாய் நூறு காசாயிற்று. அதனையொட்டிப் பத்தடுக்கு அளவைகளும் வந்தன. வீசமும் மாவும் கடைத்தெருவினின்று நீங்கின. நீங்கியது குறையன்று. சொல் சென்றவிடத்துப் பொருளும் சென்றுவிடலாகாது என்பதே நம் கவலை.

‘கையடக்கப் பொறி கணக்கிடும் இந்நாளில் இவ்வுழைப்பு எதற்கு?’ என்பார் உளர். பொறி விடை தரும்; கேட்க வேண்டிய கேள்வியைத் தாராது. மேற்குறித்த சிறுமியின் தாய் நூறு நாட்டவணைக்குக் கடன் பெற்றார். பத்தாயிரம் என்று எழுதி, ஆயிரத்தை முன்னரே பிடித்துக்கொண்டு, ஒன்பதாயிரம் கையிற் கொடுத்தனர். நாள்தோறும் நூறு ரூபாய் கட்டவேண்டும். ‘பத்தில் ஒன்றுதான் வட்டி’ என்று கொடுத்தவர் கூறினாராம். கைக்கு வந்தது ஒன்பதாயிரம் ஆதலின், வட்டி ஒன்பதில் ஒன்று. அதுவும் ஓராண்டிற்கன்று, நூறு நாளுக்கு. அதுவும் முதல் நாள் முதலே முதல் குறைந்துகொண்டு வருகையில். இதனை அறிந்தமையாற் கடன் தீராது. ஆனால் அறியாதவர் ஏமாற்றப்படுவதை அறியவும் மாட்டார். பின்னம் அறியாமை ஏழைகள்பால் தண்டப்படும் ஒரு வரி என்று கூறின் மிகையாகாது.

ஆகவே, நண்பர்காள், பிள்ளைக்குப் பொருளை முன்னும் விதியைப் பின்னும் தருவோமாக. பிழையைக் கண்டு நகையாது, அது எவ்வழி வந்தது என்று வினவுவோமாக. இனித் தமிழாசிரியராகப் போகும் நம்மவர், கணக்கு அடுத்த அறைக்காரர் பணி என்று வாளா இராது, அரைக்காலையும் மாத்திரையையும் வகுப்பிற் கொணர்க. வாரத்தில் ஒரு மாலையேனும் ஒரு பிள்ளையருகே அமர்ந்து ஒரு தாளை மடித்துக் காட்ட இயலாதார் நம்முள் யாவர்? அவ்வாறு அமரும்பொழுது, நெடுநாள் மூடிக்கிடந்த நம் கண்ணும் உடன் திறக்கக் காண்போம். நமக்கு அங்ஙனமே நேர்ந்தது.