படகுச் சீட்டும் கடவுச்சொல்லும்

பிச்சாவரத்துக்குப் போயிருந்தேன், அக்காள் மகனுடன். 1975-ல் வந்த 'இதயக்கனி' படத்தை இங்கே எடுத்த கதையைப் படகோட்டி ஆரம்பித்தார். நான் வாயைப் பிளந்து கேட்டேன். பையன் கேட்கவில்லை. இருபுறமும் சுரபுன்னை மரங்கள் வேர்களை ஊன்றிக்கொண்டு நிற்கின்றன. அவற்றையும் அவன் பார்க்கவில்லை.

"ஏனடா முகம் இப்படி இருக்கிறது?"

பையன் சென்னையில் ஜாவாவில் இணையதளம் எழுதுகிறவன். "உள்ளே நுழைந்த வாடிக்கையாளரை இன்னொரு தளத்துக்கு அனுப்ப வேண்டும், மாமா. மறுபடி கடவுச்சொல் கேட்கக் கூடாதாம். பெயர் கிடைக்கிறது. 'கெட் யூசர் பிரின்சிபல்' என்றால் சர்வர் சொல்லிவிடுகிறது. கடவுச்சொல்லைக் கேட்டால் மட்டும் 'நல்' என்கிறது!"

நானும் அந்தத் தொழிலில் காலம் தள்ளியவன்தான். சிரிப்பு வந்துவிட்டது.

"படகுத்துறையில் பணம் கட்டினோம், சீட்டுக் கொடுத்தார்கள். படகோட்டி சீட்டைப் பார்த்தார், ஏற்றிக்கொண்டார். என் பணப்பையைக் கேட்டாரா?"

"இல்லை."

"கடவுச்சொல்லுக்கு வாசலில் ஒரு தடவைதான் வேலை. அப்புறம் பேசுவதெல்லாம் 'ஜேசெஷன்ஐடி' என்ற சீட்டு. 'ஸ்பிரிங் செக்யூரிட்டி' 3.1-லிருந்து, சரிபார்த்த கையோடு கடவுச்சொல்லைத் தானே துடைத்துவிடுகிறது. உனக்கு 'நல்' வருவது அதனால்தான்."

"துடைக்காதே என்று சொல்லவும் ஒரு வரி இருக்கிறதே, மாமா. இன்று காலை அதை எழுதிச் சர்வரில் ஏற்றிவிட்டேன்."

எனக்குச் சிரிப்பு நின்றது.

"அடப் பாவி! சர்வரின் நினைவை எவனாவது பிரதி எடுத்துப் போனால், உள்ளே இருக்கிறவர்களின் கடவுச்சொல்லெல்லாம் அவன் கையில். பாங்குக்கும் அதே சொல்லை வைத்திருப்பார்கள். சந்தேகமிருந்தால் உன் அத்தையைக் கேள்."

"பின்னே அந்தத் தளம் எப்படி நம்பும்?"

"நீயும் சீட்டு எழுதிக் கொடு. இன்னார், இத்தனை நிமிஷத்துக்குச் செல்லும், கீழே உன் தளத்தின் கையெழுத்து. கையெழுத்தைச் சரிபார்த்து அவர்கள் ஏற்றிக்கொள்ளட்டும். 'ஓப்பன் ஐடி கனெக்ட்' இதற்கென்றே பிறந்தது. ஒன்று மட்டும் ஞாபகம் வை. பெயரைச் சர்வரிடமே கேள். படிவத்தில் ஒளித்து வைத்து வாங்காதே. அதை யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம்."

பையன் போனை எடுத்தான். அந்தக் கால்வாய்க்குள் சிக்னல் இல்லை.

"கரைக்குப் போக எவ்வளவு நேரம், அண்ணே?"

"அவசரம் என்ன தம்பி, எம்.ஜி.ஆர். வந்த இடத்தை இன்னும் காட்டவில்லையே!" என்றார் படகோட்டி.