அதிகாலைச் சாலைக்கு ஒரு பனிக்கால வேக வரம்பு

மார்கழியும் தையும் அன்னவாசல் வட்டாரம் விடியுமுன்பே சாலைக்கு வந்துவிடும் மாதங்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களின் வேன்கள், தைப்பூசத்துக்குப் பழநிக்கும் விராலிமலைக்கும் நடக்கிறவர்கள், செவ்வாடை உடுத்தி மேல்மருவத்தூர் போகிறவர்கள், வாடிவாசலுக்குக் காளை ஏற்றிப் போகும் சரக்கு வண்டிகள், வளைகுடா விமானத்தைப் பிடிக்கத் திருச்சிக்கு விரையும் கார்கள் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே சாலையில் இருக்கிறார்கள். பனி இறங்குவதும் அந்த நேரத்தில்தான். ஆனால் சாலையில் எழுதியிருக்கும் வேக வரம்பு சித்திரை நடுப்பகலுக்கும் மார்கழி விடியலுக்கும் ஒன்றே. இது மாற வேண்டும். மார்கழி முதல் மாசி முடிய, அதிகாலை மூன்று மணியிலிருந்து எட்டு மணிவரை, புதுக்கோட்டை மாவட்டத்தின் முக்கியச் சாலைகளில் மணிக்கு 40 கிலோமீட்டர் என்ற வரம்பைச் சட்டப்படி அறிவிக்க வேண்டும்.

புதுக்கோட்டை கண்மாய்களின் மாவட்டம். வடகிழக்குப் பருவமழை ஓயும்போது கண்மாய் நிறைந்திருக்கும், வயல் ஈரமாக இருக்கும், வானம் தெளிந்துவிடும். மேகம் இல்லாத இரவில் தரைச்சூடு சட்டென்று வெளியேறுகிறது. காற்றும் அசையவில்லையென்றால் தரையை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து பனிமூட்டமாக நின்றுவிடுகிறது. அது எல்லா இடத்திலும் ஒரே சீராக நிற்பதில்லை. மேட்டில் சாலை பளிச்சென்று தெரியும். கண்மாய்க் கரையை ஒட்டிய வளைவில் இறங்கினால் முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கு கூடத் தெரியாது. ஓட்டுநர் பயந்து பெரிய விளக்கைப் போடுவார். அந்த ஒளி பனித்துளியில் பட்டுத் திரும்பி, கண் முன்னே வெள்ளைச் சுவராக எழும். உதவக்கூடியது தாழ்வான விளக்கும் குறைந்த வேகமும்தான். மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் கார் 30 மீட்டருக்குள் நின்றுவிடும். 80-இல் வந்தால் 70 மீட்டருக்கு மேல் ஓடித்தான் நிற்கும். சுமை ஏற்றிய லாரிக்கு இன்னும் கூடுதல் தூரம் தேவை. ஐம்பது மீட்டர்கூடத் தெரியாத இடத்தில் இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது.

இந்தியா முழுக்க மார்கழி ஒரே மாதிரி இருப்பதில்லை. காஷ்மீரில் டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிர், ஜம்மு நெடுஞ்சாலையைப் பனிப்பொழிவால் அடிக்கடி அடைத்துவிடும். கங்கைச் சமவெளியில் பனிமூட்டத்தால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். டெல்லியிலிருந்து வரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்குக் காத்திருந்தவர்களுக்கு இது தெரியும். நம் கடற்கரையிலோ மார்கழியில் புயலும் பெருமழையும் வரும். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கியபோது கடல் அதை விழுங்கியது. 2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள் இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. அடுத்துப் போக வேண்டிய தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. நூற்றுக்கணக்கான பயணிகள் சோறு தண்ணீருக்குத் தவித்தார்கள், ஆனால் உயிரோடு ஊர் திரும்பினார்கள். ரயில் நின்றது, அதனால் பிழைத்தார்கள்.

ரயில்வே இதைப் பனிக்கும் விதியாக எழுதி வைத்திருக்கிறது. சிக்னல் கண்ணுக்குத் தெரியாத பனியில், சிக்னலுக்கு 270 மீட்டர் முன்பே தண்டவாளத்தில் டெட்டனேட்டர் வைப்பார்கள். எஞ்சின் ஏறியதும் அது வெடிக்கும். சிக்னல் வருகிறது என்று ஓட்டுநர் காதால் அறிந்துகொள்வார். இப்போது வடக்கே ஓடும் எஞ்சின்களில் செயற்கைக்கோள் உதவியால் அடுத்த சிக்னலைச் சொல்லும் கருவியும் உண்டு. அந்தக் கருவி இருந்தாலும் அடர்பனியில் 75 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. ‘பார்த்துப் போ’ என்ற அறிவுரையோடு ரயில்வே நிற்கவில்லை. எவ்வளவு வேகம் என்பதை ஓட்டுநரின் துணிச்சலுக்கு விடவும் இல்லை.

சாலையிலும் இது முடியும். உத்தரப் பிரதேசத்தின் யமுனா விரைவுச் சாலையில் ஆண்டுதோறும் டிசம்பர் 15 முதல் பிப்ரவரி 15 வரை கார்களுக்கான வரம்பை 100-லிருந்து 75 ஆகக் குறைக்கிறார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்புக்காகக் குறிப்பிட்ட பகுதியிலோ சாலையிலோ வேகத்தைக் கட்டுப்படுத்த மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

நம் மாவட்டமே பார்த்த துயரம் ஒன்று உண்டு. 2023 டிசம்பர் 30 அதிகாலை, நமணசமுத்திரத்தில் சாலையோரக் கடையில் தேநீர் குடிக்க இறங்கியிருந்த பக்தர்கள்மீது சிமெண்ட் ஏற்றிய லாரி பாய்ந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். பனிதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. தூக்கம் கெட்ட ஓட்டுநர்கள், சாலையோரம் நிற்கிற பயணிகள், வெளிச்சம் போதாத நேரம் ஆகிய மூன்றும் சேரும் மாதங்கள் இவை. அந்தக் கலவையில் வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான் உடனே நம் கையில் இருக்கிறது.

‘இது டெல்லிப் பனி இல்லையே, எட்டு மணிக்கு வெயில் வந்துவிடுமே’ என்பார்கள். டெல்லி ஓட்டுநர் பனியை எதிர்பார்த்தே வண்டி எடுக்கிறார். இங்கே பனி நான்கு நாள் வராமல் இருந்து ஐந்தாம் நாள் வளைவில் நிற்கிறது. பழக்கமில்லாதவருக்கே ஆபத்து அதிகம். நேரம் வீணாகும் என்ற குறையும் வரும். அன்னவாசலிலிருந்து புதுக்கோட்டை ஏறத்தாழ 18 கிலோமீட்டர். அறுபதில் போனால் 18 நிமிடம், நாற்பதில் போனால் 27 நிமிடம். ஒன்பது நிமிடம்தான் வித்தியாசம். அந்த ஒன்பது நிமிடத்தை முதல் பேருந்துகளின் ஓட்ட நேரத்தில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வரம்பு ஒரு பக்கம், நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டிய நெருக்கடி இன்னொரு பக்கம் என்று ஓட்டுநர்தான் நடுவில் மாட்டுவார்.

பொங்கலோடு இதை முடித்துவிடவும் கூடாது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்லி வைத்த ஊர் இது.

வானிலை ஆய்வு மையம் ‘ஓரிரு இடங்களில் அதிகாலையில் லேசான பனிமூட்டம் காணப்படும்’ என்கிறது. எந்தச் சாலை, எத்தனை மணிக்கு என்று தெரியாமல் ஓட்டுநர் இதை வைத்து என்ன செய்வார்? மழைக்கு மாவட்டவாரியாக நிறம் பிரித்து எச்சரிக்கிற மையத்தால், திருச்சி–புதுக்கோட்டை, அன்னவாசல்–இலுப்பூர்–விராலிமலை போன்ற வழித்தடங்களுக்கு முந்தைய இரவே ஒரு வரி சொல்ல முடியும். அந்த வரி பேருந்து நிலையத்திலும் சுங்கச் சாவடியிலும் தெரிய வேண்டும். நடந்து போகிறவர்களுக்கு ஒளிரும் பட்டையை வழியிலேயே இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

கார்த்திகை முதல் தேதி மாலை போடுகிறார்கள். அதற்கு முன்பே மாவட்ட ஆட்சியர் சாலைப் பாதுகாப்புக் குழுவைக் கூட்டி, பனிக்கால வரம்புக்கான சாலைகளின் பட்டியலை அரசுக்கு அனுப்ப வேண்டும். அதில் அன்னவாசல் சாலையும், கண்மாய்க் கரை வளைவுகள் ஒவ்வொன்றும் பெயரோடு இடம்பெற வேண்டும்.