டெல்லியில் எழுதி, சென்னையில் ஏற்று, திண்டிவனத்தில் கட்டி…

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை நெடுஞ்சாலையோரம் மனைக் கற்கள் நட்டிருப்பதைப் பார்க்கலாம். அந்த மனையில் எழும் வீடு எந்த விதிக்குக் கட்டுப்பட்டது என்பது 2019 வரை ஊர் எல்லையைப் பொறுத்திருந்தது. நகராட்சிக்குள் என்றால், 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் கீழ் வந்த 1972 கட்டட விதிகள். எல்லை தாண்டி ஊராட்சிக்குப் போனால் 1997 விதிகள். மண்ணும் மேஸ்திரியும் மாறுவதில்லை. விதி மட்டும் மாறும்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970-லேயே வந்துவிட்டது. 1983, 2005, 2016 எனத் திருத்தங்களும் கண்டது. ஆனால் அது வெறும் பரிந்துரை. நிலமும் உள்ளாட்சியும் மாநிலப் பட்டியலில் இருப்பதால், மாநிலம் தன் விதியில் சேர்த்துக்கொண்டால்தான் அதற்குப் பல் முளைக்கும். நம் மாநிலம் பெரும்பாலும் இழவு விழுந்த பிறகுதான் அசைந்திருக்கிறது. 2004-இல் கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் எரிந்த பிறகே பள்ளிகளில் கூரைக் கொட்டகை கூடாது என்று கண்டிப்பு வந்தது. 2014-இல் மவுலிவாக்கத்தில் அடுக்குமாடி சரிந்து 61 பேர் மாண்ட பிறகே கட்டமைப்புப் பொறியாளரின் பொறுப்பு பெரிய பேச்சானது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய அவசரச் சட்டம், சில மாதக் கெடுவிலேயே ஓட்டு வீடுகளின் தாழ்வாரம் வரை எட்டியது. செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பு போய்விடும் என்ற பயம் இருந்தது; வீடு தேடி வந்து பார்க்க ஆளும் இருந்தது. (பல வீடுகளில் குழாய் மட்டும் வந்தது, குழி வரவில்லை என்பது வேறு கதை.)

2019 பிப்ரவரியில் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. நகராட்சிக்கும் ஊராட்சிக்கும் ஒரே புத்தகம். நூறாண்டுக் குழப்பத்துக்கு அது நல்ல முடிவுதான். 2024 ஜூலையில் இன்னொரு படி ஏறினோம்: 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று போதும், கள ஆய்வு இல்லாமலே இணையத்தில் உடனடி அனுமதி. அலைச்சலும் கையூட்டும் குறையும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் கடைசியாக இருந்த ஒரு ஜோடிக் கண்ணும் களத்திலிருந்து விலகிவிட்டது.

அதே ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவிலிருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. தரைமட்டம் எவ்வளவு உயரம், வாய்க்காலுக்கு இடம் விட்டார்களா என்ற கேள்விகளை அன்று தண்ணீர்தான் கேட்டது. தனியாரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஒவ்வொரு பெருமழைக்கும் தண்ணீர் தேங்கும் விழுப்புரம் புதிய பேருந்து நிலையம் அரசு கட்டியதுதான்.

சுயசான்றைத் திரும்பப் பெற வேண்டியதில்லை. சுயசான்றில் எழும் வீடுகளில் ஒரு பகுதியையாவது, அஸ்திவாரம் போடும் நாளில், உள்ளாட்சிப் பொறியாளர் நேரில் போய்ப் பார்க்கட்டும். பார்த்ததை நகராட்சி, ஊராட்சி அலுவலகத் தகவல் பலகையில் தமிழில் எழுதி ஒட்டட்டும். அதற்கான பணியிடங்களை அரசு முதலில் நிரப்பட்டும்.