இரண்டாம் பெட்டியின் கணக்கு

2019ஆம் ஆண்டு அத்திவரதர் 48 நாட்கள் காட்சியளித்தபோது, காஞ்சியிலேயே வாழும் எங்கள் அன்னையாரால் வரிசையில் நிற்க இயலவில்லை. உள்ளூர்ப் பெருமாளை அவர் கூடத்துத் தொலைக்காட்சியில்தான் சேவித்தார். அதுவும் ஜூலை முற்பாதியில், உலகக் கோப்பை ஆட்டங்களின் இடைவேளைகளில். பின்கட்டில் அவருக்கென ஒரு பெட்டி வேண்டும் என்ற பேச்சு அன்று எழுந்தது. கணக்குப் பார்க்க இப்போதுதான் அமர்ந்தோம்.

மாடியிலுள்ள டிஷ் போதும். அதன் எல்என்பியை மாற்றி, இன்னொரு செட்டாப் பாக்ஸ் வாங்கவேண்டும். அது ஒருமுறைச் செலவு. உறுத்துவது மாதச் சந்தாவே. கூடுதல் இணைப்புக்கு நெட்வொர்க் கட்டணத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் வாங்கலாகாது என 2020இல் டிராய் வரம்பிட்டது. அதாவது 130 ரூபாய்க்கு 52. 2024இல் அக்கட்டணத்தின் உச்சவரம்பையே நீக்கி நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. இதன்மேல், ஒரே வீட்டில் ஒரே சேனலுக்கு இருமுறை விலை!

தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் போதாதா என்பார் உளர். 2004 முதல் சந்தாவின்றி வருவதுதான். ஆனால் அன்னையார் பார்க்கும் தனியார் தொடர்கள் அதில் இல்லை. முதியோர்க்கு இலவசமே போதும் என்னும் நடுத்தர வர்க்கத்துத் தர்மம் எங்களுக்கு உவப்பானதன்று.

கூடத்துத் தொகுப்பை அப்படியே பின்கட்டுக்கும் வாங்குவது வீண் என்பதே எங்கள் கட்சி. அவர் பார்ப்பவை மூன்று சேனல்கள். அவற்றை மட்டும் தனித்தனியே கேட்டுப் பெறலாம். கூடத்தில் விளையாட்டுச் சேனல்கள் சிலவற்றை விட்டால் தொகை ஏறத்தாழச் சரியாகிவிடும். மகன்தான் இன்னும் இசையவில்லை.