கூட்டம் வந்தால் அது தாக்குதல் இல்லை

ரிசல்ட் வருகிற இரவில் வெப்சைட் விழுந்தால் மூன்று பதில்கள் ரெடியாக இருக்கும். "எல்லாரும் ஒரே நேரத்தில போறாங்க." "யாரோ அட்டாக் பண்ணிட்டாங்க." "பிள்ளைகளே, சும்மா ரிஃப்ரெஷ் பண்ணாதீங்க." மூன்றிலும் பழி விழுவது பார்க்க வந்தவர் மீதுதான். சேர்வரை அமைத்தவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. நாங்கள் கேட்பம்.

ஜூன் 13ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் திருவிழா. கொட்டாஞ்சேனைப் பக்கம் எவ்வளவு சனம் வரும் என்று பொலிசுக்குத் தெரியும், வீதியை முன்கூட்டியே ஒழுங்கு செய்கிறார்கள். "இவ்வளவு பேர் வருவாங்க எண்டு நினைக்கல" என்று ஒரு அதிகாரி சொன்னால் ஊரே சிரிக்கும். பரீட்சைப் பெறுபேறு அதைவிட இலகு. எழுதியவர்கள் எத்தனை பேர் என்பது திணைக்களத்துக்குத் தெரியும், சுட்டெண் கொடுத்ததே அவர்கள்தான். வெளியிடும் நேரமும் அவர்கள் கையில்.

சரி, சேர்வருக்குள்ளே என்ன நடக்கிறது? வெள்ளவத்தையில் ஒரு கொத்துக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடர் சொல்லிவிட்டு இன்னும் உறுதிப்படுத்தாதவர்கள் ஒரு வரிசை. உறுதிப்படுத்திவிட்டு, கொத்துப் போடுகிறவர் கூப்பிடும்வரை நிற்பவர்கள் இன்னொரு வரிசை. லினக்ஸ் சேர்வரிலும் இதே இரண்டு வரிசைகள்தான். ஓடர் சொல்லிவிட்டுத் திரும்பி வராத பொய் ஆட்களால் முதல் வரிசையை நிரப்புவதுதான் 'சின் ஃப்ளட்' தாக்குதல். 1996 செப்டெம்பரில் நியூயோர்க்கின் பானிக்ஸ் என்ற இணைய நிறுவனத்தை முடக்கியது இதுதான். மருந்தும் அதே மாதமே யோசிக்கப்பட்டது, 'சின் குக்கி' என்று பெயர். இடம் பிடித்து வைக்காமல் ஒரு முத்திரைத் துண்டைக் கொடுத்துவிடு, அதோடு திரும்பி வந்தால் மட்டும் உள்ளே எடு. லினக்ஸில் அது பல வருடங்களாகவே இருக்கிறது.

ரிசல்ட் இரவில் நிரம்புவது பெரும்பாலும் இரண்டாவது வரிசை. வருகிறவர்கள் நிஜ ஆட்கள், உறுதிப்படுத்திவிட்டுத்தான் நிற்கிறார்கள். அந்த வரிசையின் உச்ச நீளம் லினக்ஸில் 2019 வரை தானாகவே 128தான். பிறகு வந்த கேர்னலில் அது 4096 ஆனது. பழைய சேர்வரில் அந்த ஒரு எண்ணை மாற்றாமல் விட்டால், 128 பேருக்குப் பிறகு வருகிறவருக்கு 'இடமில்லை' என்ற பதில்கூட கிடைக்காது. போன் திரையில் வட்டம் சுத்திக்கொண்டே இருக்கும். வரிசையை நீட்டினால் மட்டும் போதாது, கொத்துப் போடுகிற கையும் வேகமாக வேண்டும். அதற்கு வருகிறேன்.

அதற்கு முதல், எனக்கு உண்மையாகவே கோபம் வருகிற இடம் இது. வெள்ளத்தைத் தடுக்கிறோம் என்று சிலர் 'ஒரு ஐபி முகவரிக்கு இத்தனை இணைப்பு' என்று கண்ணை மூடிக்கொண்டு பூட்டுப் போடுகிறார்கள். ஒரே முகவரிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? கொட்டாஞ்சேனையில் ஒரு கொமினிகேஷன் கடையில் நிற்கிற பத்துப் பிள்ளைகள். மொபைல் டேட்டாவில் ஒரே பொது முகவரியைப் பகிர்கிற எத்தனையோ சந்தாதாரர்கள். வீட்டில் தனி ஃபைபர் உள்ளவர் தப்பிவிடுவார். அம்மாவின் போனில் ரீலோட் போட்டுப் பார்க்கிற பிள்ளை அடைபடும். 'டைம் வெயிட் ரீசைக்கிள்' என்று லினக்ஸில் ஒரு அமைப்பு இருந்தது. வேகம் கூடும் என்று ஆளுக்காள் கொப்பி பண்ணிப் போட்டார்கள். முகவரியைப் பகிர்கிறவர்களின் இணைப்புகளை அது சத்தமில்லாமல் வீசியது. 2017இல் லினக்ஸிலிருந்தே அதைத் தூக்கி எறிந்தார்கள். டெக்னிக்கல் விசயம், அரசியல் இல்லை என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

"எங்கட நாட்டில வசதி இல்ல" என்பது அடுத்த சாட்டு. கணக்குப் பார்ப்பம். நாலு லட்சம் பேர் என்றே வையுங்கள். ஒருவரின் பெறுபேற்றுப் பக்கம் 2 கிலோபைட். மொத்தம் 800 மெகாபைட். உங்கள் லெப்டொப்பின் நினைவகத்திலேயே அடங்கும். வெளியிட்ட அந்த இரவு முழுக்க ஒரு எழுத்தும் மாறாத தரவு இது. ஒவ்வொருவர் கேட்கும்போதும் டேட்டாபேஸைத் தட்டி எழுப்பத் தேவையில்லை. முன்கூட்டியே பக்கங்களாகச் செய்து, சுட்டெண்ணை மாற்றி மாற்றி அடித்து அடுத்தவருடையதைப் பார்க்க முடியாதபடி ஒரு பூட்டும் போட்டு, நாலைந்து சேர்வரில் வைத்தால் போதும். கை வேகமாவது இப்படித்தான். 2022 ஜூலையில், பெட்ரோல் வரிசையில் நாடே நின்ற நேரத்தில், எரிபொருள் கியூஆர் முறையைக் கட்டியதும் எங்கட ஆட்கள்தான். லட்சக்கணக்கான வாகனங்கள் அதில் பதிவாகின. ஆள் இருக்கிறது, அறிவும் இருக்கிறது. அவசரம் என்று மேலே உள்ளவர்கள் நினைத்தால் நடக்கிறது.

பல்கலைக்கழகமா இல்லையா என்று தெரிகிற இரவு அது. அதை ஒரு சின்ன விசயமாக்காதீர்கள்.

அதனால் கேட்க வேண்டியது மூன்று. ஒன்று, வெளியிடுவதற்கு ஒரு கிழமைக்கு முன் பொய்க் கூட்டத்தை அனுப்பிச் சோதித்து, முடிவைப் பகிரங்கப்படுத்துங்கள். இரண்டு, முகவரியை வைத்து ஆட்களைப் பூட்டும் முன் அதன் பின்னால் எத்தனை பேர் என்று பாருங்கள். மூன்று, தளம் விழுந்தால் அடுத்த நாளே எண்களை வெளியிடுங்கள். பாதியில் நின்ற இணைப்புகள் எத்தனை, வரிசை நிரம்பியதால் வீசப்பட்டவை எத்தனை? இரண்டையும் லினக்ஸே எண்ணித் தரும். முதலாவது மலைபோல் இருந்தால் அட்டாக் என்று சொல்லுங்கள், நம்புவோம். இரண்டாவதுதான் பெரிது என்றால், வந்தது நாங்கள். எங்களுக்கு இடம் வைக்காதது நீங்கள்.