மாமன் வீட்டுக் கணக்கு

கோடை லீவில் ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தீர்களா? சந்தோஷம். அங்கே உங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தவர் அந்த ஒரு வாரமும் எத்தனை மணிக்கு எழுந்தார், தெரியுமா?

எனக்கும் தெரியாது. இந்த மே மாதம் வரைக்கும்.

ராசிபுரம் பக்கத்தில் என் தாய்மாமன் தோட்டம். நாலு ஏக்கர். இரண்டு கார்களில் போய் இறங்கினோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். தம்பி, அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள். கூடவே அம்மா. மொத்தம் ஒன்பது பேர், ஏழு நாள்! "வாங்க மாப்ள, வாங்க" என்று மாமா கயிற்றுக் கட்டிலை வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போட்டார். அத்தை கோழி பிடிக்க ஓடினார்.

அப்புறம் உங்கள் வீட்டில் நடக்கிற அதே சீன்கள்தான். பிள்ளைகள் தண்ணித் தொட்டியில் குதித்துக் கும்மாளம். தம்பி செல்ஃபி எடுத்து 'இதுதாண்டா வாழ்க்கை' என்று ஸ்டேட்டஸ் போட்டான். நான் கட்டிலில் மல்லாந்து படுத்தபடி ஒரு டயலாக் விட்டேன். "குடுத்து வெச்சவங்க மாமா நீங்க. டென்ஷனே இல்லாத வாழ்க்கை!"

மாமா சிரித்தார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. விருந்தாளியை மறுத்துப் பேசுகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது.

மூன்றாம் நாள் விடியற்காலை தூக்கம் கலைந்து வெளியே வந்தேன். மணி மூன்றே முக்கால். கட்டுத்தரையில் சாணி அள்ளி முடித்துவிட்டு, மாட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார் அத்தை. அறுபத்து மூணு வயசு.

"ஏனுங்க அத்தை, இந்நேரத்துக்கேவா?"

"எப்பவும் நாலரைக்குத்தான் கண்ணு எந்திரிப்பேன். இப்ப ஒம்பது பேருக்குக் காப்பி வேணுமில்ல?"

அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். ஆனால், சொசைட்டிக்கு ஊற்றுகிற கேன் பாதிதான் நிரம்பியிருந்தது. மீதிப் பால் எங்கே போகிறது என்று கேட்கவே வேண்டாம்.

நான் பி.காம். படித்தவன். பற்று, வரவு என்று வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. அன்றைக்கே ஒரு நோட்டு போட்டேன். ஏழாம் நாள் கணக்கை முடித்தேன். நீங்களும் பாருங்கள்.

சொசைட்டிக்குப் போகாமல் நின்ற பால், தினம் 6 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் ஏழு நாளைக்கு 1,470. நாட்டுக்கோழி ஐந்து, 3,000. டிராக்டர் டேங்கரில் வாங்கிய தண்ணி இரண்டு நடை, 2,000. டிக்கியில் ஏறிய தேங்காய் நாற்பது, 800. நாங்கள் கிளம்பும்போது நாலு பிள்ளைகளின் கையிலும் மாமா திணித்த ஐந்நூறு ரூபாய் நோட்டுகள், 2,000.

அத்தையின் உழைப்புக்கு? நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி, நாளொன்றுக்கு 336 ரூபாய். விடியற்காலை முதல் ராத்திரி பத்து வரை என்றால் நியாயமாக இரண்டு ஆள் கூலி. ஏழு நாளைக்கு 4,704.

கூட்டினால் 13,974 ரூபாய்.

நாங்கள் கொண்டுபோனது? ஸ்வீட் பாக்ஸ் இரண்டு, ஆப்பிள், ஹெல்த் டிரிங்க் பாட்டில் ஒன்று, அத்தைக்கு ஒரு சேலை. ஆக மொத்தம் 3,000. பாக்கி 10,974. அதை யார் தலையில் எழுதினோம் என்று சொல்ல வேண்டுமா?

'சீச்சீ... சொந்தபந்தத்துக்குள் கணக்குப் பார்க்கலாமா?' என்று முகம் சுளிக்கிறீர்கள். தெரியும். என் மனைவியும் இதையேதான் கேட்டாள். ஆனால், ஒன்றை யோசியுங்கள். 'கணக்குப் பார்க்கக் கூடாது' என்று எப்போதும் சொல்வது யார்? கணக்கில் லாபம் பார்த்தவர்தானே! அத்தை இதை ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்குக் கணக்குப் பார்க்க நேரமே இருந்ததில்லை.

இது என் மாமன் வீட்டுச் சமாசாரம் மட்டும் என்றால் உங்களிடம் சொல்ல மாட்டேன். கிராமத்தில் எதற்குமே விலை கேட்காமல் வாங்கிப் பழகிய கை நம்முடையது.

நாமக்கல் என்றதும் உங்களுக்கு முட்டைதான் ஞாபகம் வரும். மாமா போடுவது மரவள்ளி. எங்கள் பேச்சில் குச்சிக்கிழங்கு. நீங்கள் பாயசத்தில் உறிஞ்சுகிற ஜவ்வரிசி இந்தக் கிழங்கிலிருந்துதான் வருகிறது. இரண்டாம் உலகப் போரில் மலேயா பக்கமிருந்து வந்த சரக்கு நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்தில் தொடங்கிய தொழில் இது. ஆலைக்காரர்களுக்கு 1981 முதல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. நல்லது. கிழங்கு போட்டவனுக்கு? பத்து மாசம் காட்டில் காத்த கிழங்கில் மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று ஆலையில் பார்த்துச் சொல்வார்கள். அதுதான் விலை. தன் சரக்குக்குத் தானே விலை சொல்ல முடியாதவனைத்தான் 'டென்ஷன் இல்லாதவன்' என்றேன் நான்!

2020-ல் நம் நாட்டில் புதிதாகத் தென்பட்ட ஒரு மாவுப்பூச்சி மரவள்ளியின் குருத்தையே சுருட்டியது. அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. அதை ஒழிக்க ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு குட்டிக் குளவியை வரவழைத்து, 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். பூச்சி ஒரு கண்டம், குளவி இன்னொரு கண்டம். நடுவில் மாமாவின் நாலு ஏக்கர். 'உலகம் தெரியாத மனுஷன்' என்று இவரைத்தான் சொல்கிறோம்.

தண்ணி கதை இன்னும் மோசம். நான் சுரைப்புருடை கட்டி நீச்சல் பழகிய கிணறு இப்போது வெறும் பள்ளம். அதன் அடியில் ஒரு போர். ஊர் ஊராகப் போய்த் துளை போடுகிற ரிக் லாரிகளுக்குப் பேர்போன திருச்செங்கோடு இதோ பக்கத்தில்தான். ஆனால், இங்கே மோட்டார் அரை மணி ஓடினால் அப்புறம் காற்றுதான் வருகிறது. என் பிள்ளைகள் குதித்துக் கும்மாளம் போட்டது மாட்டுக்கும் வீட்டுக்கும் வைத்திருந்த தண்ணியில். அதனால்தான் டேங்கர். எனக்கு அது நாலாம் நாள்தான் தெரிந்தது. "உங்களுக்கென்ன மாமா, கரண்ட் ஃப்ரீ" என்றான் தம்பி. "ஃப்ரீதான் மாப்ள. தண்ணி வரட்டும், கரண்டுக்குக் காசே குடுத்தர்றேன்" என்றார் மாமா.

ஆறாம் நாள் மத்தியானம். இலையில் கோழிக்குழம்பு. தம்பி கேட்டான். "இங்கெல்லாம் சைட் போட்டா சென்ட் என்ன மாமா போகும்?" மாமா பதில் சொல்லவில்லை. குனிந்து சோற்றைப் பிசைந்தார். அத்தை குழம்புச் சட்டியோடு அப்படியே நின்றார். அந்த நிலத்தில் அம்மாவுக்கும் பங்கு உண்டு. சட்டப்படி யாரும் மறுக்க முடியாது. கேட்டது என் தம்பி. ஆனால், நாலு ஏக்கருக்கு எத்தனை சென்ட் என்று மனசுக்குள் பெருக்கிப் பார்த்தது நான்.

இதையும் சொல்லிவிடுகிறேன். மூணு வருஷத்துக்கு முன்னால் மாமா கண் ஆபரேஷனுக்காகச் சென்னை வந்தார். அத்தையும் கூடவே. எங்கள் ஃப்ளாட்டில் தங்கினார்கள். மூன்றாம் நாள் காலையில் காபி கொடுத்துவிட்டு நான் கேட்ட கேள்வி: "டிரெயின் எப்போ மாமா புக் பண்ணட்டும்?" அக்கறையாகக் கேட்டதாகத்தான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டார்கள். அவர்கள் என் வீட்டில் தங்கியது முப்பது வருஷத்தில் அந்த ஒரு தடவைதான். நாங்கள் போனது? வருஷம் தவறாமல்.

ஊருக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள். ஆனால், 'குடுத்து வெச்சவங்க' என்று சொல்லாதீர்கள். அரிசி, பருப்பு, காய் நீங்கள் வாங்கிப் போடுங்கள். அந்த ஒரு வாரத்துக்குச் சமையலுக்கும் மாட்டுக்கும் ஆள் வைத்து, கூலியை நீங்கள் கொடுங்கள். டேங்கர் தண்ணியில் பிள்ளைகளைக் குதிக்க விடாதீர்கள். சாப்பிடுகிற இலையில் உட்கார்ந்து சென்ட் விலை கேட்காதீர்கள். மே மாதம் மாங்காய் தின்னப் போகிறவர்கள், கிழங்கு பிடுங்கும்போது ஒரு தடவை போய், ஆலையில் பாயிண்ட் பார்க்கும் இடத்தில் அவரோடு நின்றுவிட்டு வாருங்கள். கணக்கு புரியும்.

முக்கியமாக, அவர்களை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். டிரெயின் எப்போது என்று கேட்காமல்.

சென்னை திரும்பிய அன்றைக்கே நான் போன் பண்ணினேன். "அத்தை, நீங்களும் மாமாவும் ஒரு வாரம் இங்க வந்து இருங்க. பீச்சுக்குப் போலாம்."

"வர்றோம் கண்ணு, வராம என்ன?" என்றார். சந்தோஷம் குரலில் தெரிந்தது. அப்புறம் கொஞ்சம் யோசித்துக் கேட்டார். "ஒரு வாரத்துக்கு மாட்டை யாரு பாப்பா?"

எனக்குப் பால் கறக்கத் தெரியாது.